முன்னணை மறைந்துபோகாமல் இருக்க: கிறிஸ்து பிறப்பு ஆராதனை பற்றிய வாசகர் கேள்விகள்

லுத்தரன் சபைகளில் கிறிஸ்து பிறப்புக் காலத்தை நடத்துவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறோம். ஒரே கருத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கிறிஸ்து பிறப்பு ஆராதனை ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. சிறப்புப் பாடல்கள், வாலிபர் நிகழ்ச்சி, வாழ்த்துரைகள், பரிசளிப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. சென்ற ஆண்டு நேரமில்லை என்று திருவிருந்தையே (அப்பமும் திராட்சரசமும் பெறும் பந்தியையே) விட்டுவிட்டோம். எதைக் குறைக்கலாம் என்று பேச்செடுத்தாலே மனஸ்தாபம் வருகிறது. என்ன செய்வது? (ஒரு சபை மூப்பர்)

எதைக் குறைப்பது என்று தொடங்கினால் மனஸ்தாபம்தான் வரும், ஐயா. எது குறையவே கூடாது என்பதை முதலில் ஆலோசனைச் சங்கத்தில் பேசித் தீர்மானமாக எழுதிவிடுங்கள். சுவிசேஷம் சுத்தமாய்ப் போதிக்கப்பட்டு, சாக்கிரமந்துகள் (ஞானஸ்நானமும் திருவிருந்தும்) அதன்படி கொடுக்கப்படும் இடத்தில் சபை இருக்கிறது என்று லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையாகிய 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை 7ஆம் பிரிவில் சொல்கிறது. அதை அப்படியே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் குறையக்கூடாதவை மூன்று: லூக்கா 2:1–20 முழுவதும் வாசிக்கப்படுதல், அதன்மேல் பிரசங்கம், திருவிருந்து. மற்ற எல்லாம் இவற்றுக்கு இடம்விட்டு நிற்கவேண்டும்.

75 நிமிட ஆராதனைக்குக் கணக்கு இப்படி வரும்: தொடக்கப் பாடலும் பாவ அறிக்கையும் 10 நிமிடம், ஏசாயா 9, தீத்து 2, லூக்கா 2 ஆகிய மூன்று வாசிப்புகளும் சேர்ந்து 8, பிரசங்கம் 14, விசுவாசப் பிரமாணமும் ஜெபங்களும் 8, திருவிருந்து 20, பாடல்களுக்கு 12. மீதி 3 நிமிடத்தில் அறிவிப்பும் ஆசீர்வாதமும். இதில் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று வாழ்த்துரையைச் சேர்த்துப் பாருங்கள். பிரசங்கத்தின் நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும். போதகர் மணியைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டிவருவது இதனால்தான்.

வாழ்த்துரை, பரிசு, நன்றியுரை எல்லாவற்றையும் ஆசீர்வாதத்துக்குப் பின்னே தள்ளுங்கள். வேறு கூடம் இருந்தால் அங்கே நடத்தலாம்; இல்லையென்றால் பீடத்தின் மெழுகுவர்த்திகளை அணைத்தபின் அதே இடத்தில் நடத்தலாம். பாடகர் குழுவை மேடை நிகழ்ச்சி போல நிறுத்தாமல் ஆராதனைக்குள்ளேயே இடம் கொடுங்கள்: நிருப வாசிப்புக்கும் (தீத்து 2) சுவிசேஷ வாசிப்புக்கும் (லூக்கா 2) நடுவே ஒரு பாடல், ஜனங்கள் திருவிருந்துக்கு வரும்போது இரண்டு பாடல்கள். மூன்று பாடல் கிடைத்துவிட்டால் பாடகர் குழுவுக்கும் மனக்குறை இராது.

திருவிருந்துக்கு நேரம் போதவில்லை என்றால் பெரும்பாலும் வரிசை முறைதான் காரணம். பீடத்தைச் சுற்றி 15 பேர் முழங்காலிடும் சபையில் 300 பேர் வந்தால் 20 பந்தி. ஒரு பந்திக்கு 2 நிமிடம் வைத்தாலும் 40 நிமிடம் ஆகிவிடும். இரண்டு இடங்களில் நின்று தொடர்ச்சியாகக் கொடுத்தால், ஓரிடத்தில் நிமிடத்துக்குப் பத்துப் பேர் என்று, அதே 300 பேருக்கு 15 நிமிடம் போதும். முழங்காலிட முடியாதே என்று வருந்துவோர் இருப்பார்கள். அவர்களுக்காகப் பீடத்தின் ஒரு பக்கத்தை ஒதுக்கலாம். அன்றைக்குத் திருவிருந்தையே விட்டுவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். மாம்சமான வார்த்தையைப் பற்றிப் பேசிவிட்டு, அவர் தம் சரீரத்தையும் இரத்தத்தையும் தரும் பந்தியை மூடிவைத்தால் பிரசங்கம் பாதியில் நின்றதாகிவிடும்.

இந்தத் தீர்மானத்தை செப்டம்பரிலேயே எடுத்துவிடுங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எந்தக் குழுவிடமும் ஒரு நிமிடத்தைக்கூடத் திரும்ப வாங்க முடியாது.

கேள்வி: இந்த ஆண்டு லூக்கா 2 வாசிக்கும் பொறுப்பு எனக்கு. எல்லாருக்கும் மனப்பாடமான பகுதி. எப்படி ஆயத்தப்படுவது? (ஒரு வாசகர்)

எல்லாருக்கும் தெரிந்த பகுதி என்பதால்தான் பலர் இதை ஓடவிட்டு விடுகிறார்கள். நிதானமாக வாசித்தால் 20 வசனங்களுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். இரண்டரை நிமிடத்தில் முடித்துவிட்டால் வேகம் அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் தடுமாற்றம் 4, 5 வசனங்களில் வரும். பழைய மொழிபெயர்ப்பில் இவை இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியம். “யோசேப்பும்” என்று தொடங்கும் வாக்கியத்துக்கு “போனான்” என்ற வினை கடைசியில்தான் வருகிறது. மூச்சு எங்கே விடுவது என்று முடிவு செய்யாமல் போனால் “கர்ப்பவதியான” என்ற இடத்தில் மூச்சு முட்டி, மரியாளின் பெயர் அடுத்த துண்டோடு ஒட்டிக்கொள்ளும். “இருந்தபடியினாலே” என்றதும் ஒரு நிறுத்தம், “மரியாளுடனே” என்றதும் ஒன்று, “நாசரேத்தூரிலிருந்து” என்றதும் ஒன்று. இந்த மூன்று இடத்திலும் பென்சிலால் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அகுஸ்துராயன், சிரேனியு ஆகிய பெயர்களை உரக்கப் பத்துத் தரம் சொல்லிப் பாருங்கள். வாசிப்பவர் தயங்கும் பெயர்தான் கேட்பவர் காதில் நிற்கும்.

7ஆம் வசனம் முடிந்ததும் இரண்டு மூச்சு அளவு அமைதி விடுங்கள். பிறப்பைப் பற்றி லூக்கா சொல்வதே அந்த ஒரு வசனம்தான். அதன்மேல் உடனே மேய்ப்பர்களை ஓட்டிக்கொண்டு வந்துவிடக்கூடாது. 10, 11 வசனங்களில் தலையை நிமிர்த்தி ஜனங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்; “உங்களுக்கு” என்று தூதன் சொல்வது உங்கள் முன்னே இருப்பவர்களுக்கும்தான். நாடகக் குரல் வேண்டாம். பின்னணி இசையும் வேண்டாம். கீபோர்டு கீழே ஓடிக்கொண்டிருந்தால் கடைசி வரிசையில் உள்ள முதியவர்களுக்கு வசனம் கேட்காது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். முந்தின நாளே ஆள் இல்லாத கோவிலில் ஒருமுறை வாசித்து, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

கைபேசியில் பார்த்து வாசிக்காதீர்கள். அழைப்பு வரும், திரை அணையும். அதைவிட, வேதபுத்தகத்திலிருந்து வாசிக்கிறார் என்பது சபையின் கண்ணுக்கும் தெரியவேண்டும்.

கேள்வி: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் வேதத்தில் இல்லாத காட்சிகள் பெருகிவிட்டன. சத்திரக்காரன் வேடத்துக்குத்தான் கைத்தட்டல். ஏரோது அரண்மனை நடனம் வேறு. பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள், தடுக்கவும் மனமில்லை. வேதக் கதையை நடுவில் வைத்து நாடகம் போடுவது எப்படி? (ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை)

நல்ல கேள்வி, சகோதரி. முதலில் வசனத்தை எடுத்துவைத்துப் பாருங்கள். சத்திரத்தில் இடமில்லை என்று லூக்கா சொல்கிறார்; சத்திரக்காரன் என்று யாரும் அங்கே இல்லை. கழுதையில் வந்ததாகவும் எழுதியில்லை. மாடும் கழுதையும் ஏசாயா 1:3ஐ வைத்துப் பின்னால் சபை சேர்த்துக்கொண்ட உருவங்கள். பிள்ளையைக் காணக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கை மூன்று வகை என்பதால் மூன்று பேர் என்று ஆகிவிட்டது. அவர்கள் வந்தது தொழுவத்துக்கு அல்ல, வீட்டுக்கு (மத்தேயு 2:11). ஏரோது இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தேடியதைப் பார்த்தால், அதே இரவில் வந்தார்கள் என்று கொள்ள முடியாது.

இதில் ஒரு மாடு படத்தில் இருப்பதால் யாருடைய விசுவாசமும் கெடாது. கெடுவது எப்போது என்றால், இல்லாத பாத்திரத்துக்கு வசனமும் நகைச்சுவையும் கொடுத்து, இருக்கிற பாத்திரத்தை ஊமையாக்கும்போது. பத்து நிமிடம் சத்திரக்காரன் பேசிவிட்டு, தூதன் அரை நிமிடத்தில் தன் செய்தியைச் சொல்லி ஓடினால், வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு நினைவில் நிற்பது யார் என்று யோசியுங்கள்.

எங்கள் யோசனை இது. லூக்கா 2:1–20தான் நாடகத்தின் எழுத்துப்படி. வேறு எழுத்துப்படி வேண்டாம். பெரிய பிள்ளை ஒருவர் பக்கத்தில் நின்று வாசிக்க, மற்றவர்கள் நடிக்கிறார்கள். பேசுகிற இடங்கள் வேதத்திலேயே மூன்றுதான்: தூதன் பேசும் 10–12 வசனங்கள், பரமசேனையின் துதியாகிய 14, மேய்ப்பர்கள் ஒருவரோடொருவர் சொல்லிக்கொள்ளும் 15. தூதனுக்கு நன்றாக மனப்பாடம் செய்யும் பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். பெரியவரின் பேத்தி என்பதற்காகக் கொடுக்காதீர்கள். 14ஆம் வசனத்தைச் சபை முழுவதும் எழுந்து நின்று சொல்லட்டும். பரமசேனையின் திரளுக்குப் பத்துப் பிள்ளைகள் போதாது. சபை முழுவதும் சொன்னால்தான் அந்த ஒலி வரும்.

ஒத்திகை நான்கு போதும். முதல் ஒத்திகையில் நடிப்பே வேண்டாம். எல்லாரும் உட்கார்ந்து பகுதியை மூன்றுமுறை வாசித்து, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பேசுங்கள். இரண்டாவதில் யார் எங்கே வந்து எங்கே நிற்பது என்று நடந்து பார்ப்பது. மூன்றாவது மைக்கோடு. நான்காவது உடையோடும் விளக்கோடும். உடையை முதல் நாளே கொடுத்துவிட்டால் இறக்கையைச் சரிசெய்வதிலேயே மூன்று வாரம் ஓடிவிடும்.

மேடையில் வழக்கமாக நேரும் கோளாறு, முன்னணை (பிள்ளையைக் கிடத்திய தீவனத் தொட்டி) மறைந்துபோவது. மரியாள் முன்னணைக்கு முன்னால் உட்காருவாள். மேய்ப்பர்கள் வந்து அதற்கும் முன்னால் முழங்காலிடுவார்கள். தூதர்கள் பின்னால் வரிசையாக நின்று விளக்கை மறைப்பார்கள். முன்னணையை நடுவிலே, முழங்கால் உயர மேடைமேல் வையுங்கள். மரியாள் அதன் இடப்பக்கம் சற்றுப் பின்னால், யோசேப்பு வலப்பக்கம். மேய்ப்பர்கள் இரு பக்கமும் பிரிந்து பக்கவாட்டில் முழங்காலிடவேண்டும். தரையில் ஒட்டும் நாடாவால் குறி போட்டு வைத்தால் சின்னப் பிள்ளைகள்கூட தப்பமாட்டார்கள். நிலையான மைக் இரண்டு: வாசிப்பவருக்கு ஒன்று, தூதனுக்கு ஒன்று. மேய்ப்பர்கள் 15ஆம் வசனத்தைத் தூதன் நின்ற இடத்துக்கு வந்து சொல்லட்டும். கையில் மைக்கைக் கொடுத்து மாற்றச் சொன்னால் வசனத்தை மறந்துவிடுவார்கள்.

சாஸ்திரிகளின் காட்சி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதை, சாஸ்திரிகளின் வருகையை நினைக்கும் ஜனவரி 6, பிரசன்னத் திருநாளுக்கோ அதையொட்டிய ஞாயிறுக்கோ ஒதுக்குங்கள். அன்றைக்கு வரும் கூட்டம் குறைவுதான். ஆனால் பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்றால் பெற்றோர் வருவார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் பிள்ளைகளுக்காக எழுதிய கிறிஸ்து பிறப்புப் பாடல் 1535இல் அச்சாயிற்று, 15 சரணங்கள். முதல் சரணங்களில் தூதன் செய்தி சொல்கிறான், அதன்பின் கேட்டவர்கள் முன்னணையண்டை வந்து பிள்ளையோடு பேசுகிறார்கள், கடைசியில் துதி. லூக்கா 2தான் அதற்கு ஆதாரம். பாட்டே நாடகமாக அமைந்திருக்கிறது. ஒரு பிள்ளை தூதனாகவும் மற்றவர்கள் மறுமொழியாகவும் பாடினால் 10 நிமிடத்தில் முடியும், ஒரு நடிகர்கூடத் தேவையில்லை.

கேள்வி: கோவிலுக்குள் கிறிஸ்துமஸ் மரமும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் வரலாமா? லுத்தரே மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்று சொல்கிறார்களே? (ஒரு வாலிபர் சங்கச் செயலாளர்)

லுத்தர் மரத்தில் விளக்கேற்றினார் என்பது பிற்காலத்தில் பரவிய கதை. அவர் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. மாறாக, 1640களில் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் லுத்தரன் பிரசங்கியார் யோகான் கோன்ராட் டன்ஹவர், தேவவசனத்தைவிட இத்தகைய அற்ப விஷயங்களால் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறார்களே என்று வருந்தி எழுதியிருக்கிறார். அந்தப் பட்டியலில் மரமும் உண்டு. உங்கள் சபையில் எழும் இந்த வாதத்துக்கு ஏறக்குறைய 400 வயது.

மரம், நட்சத்திரம், குடில் எல்லாம் தேவன் கட்டளையிடாதவை, விலக்காதவை. லுத்தரன் சபைகளின் இன்னொரு விசுவாச அறிக்கையாகிய 1577ஆம் ஆண்டின் கான்கார்டு அறிக்கை 10ஆம் பிரிவில் இத்தகைய காரியங்களைச் சபை தன் சுயாதீனத்தின்படி ஏற்படுத்தவோ மாற்றவோ குறைக்கவோ செய்யலாம் என்கிறது. ஆகவே மரம் வைக்கலாம். ஆனால் பீடத்தையும் ஞானஸ்நானத் தொட்டியையும் பிரசங்க பீடத்தையும் மறைக்காத இடத்தில். வாசலில் நின்று பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது பீடமா மரமா என்று பாருங்கள். மரமென்றால் இடத்தை மாற்றுங்கள். மின்மினுக்கும் விளக்குகளை வாசிப்பின்போதும் பிரசங்கத்தின்போதும் அணைத்துவிடுங்கள். பிள்ளைகளின் கண் அங்கேதான் இருக்கும். குடில் வைத்தால் திருவிருந்துக்கு வரும் வழியை அடைக்காமல் வையுங்கள். பிள்ளையின் உருவத்தை 24ஆம் தேதி ஆராதனையில் லூக்கா 2:7 வாசித்தபின் வைக்கலாம். சாஸ்திரிகளின் உருவங்களைத் தூரத்தில் ஒரு ஜன்னல் படியில் வைத்து, வாரத்துக்கு வாரம் நகர்த்தி ஜனவரி 6இல் கொண்டுவந்து சேர்க்கலாம்.

கிறிஸ்துமஸ் தாத்தா காரியம் வேறு. நாங்கள் அதை ஆராதனைக்குள் அனுமதிக்கமாட்டோம். உடையோ தாடியோ பிரச்சினை அல்ல. “நல்ல பிள்ளையாய் இருந்தாயா?” என்று கேட்டுப் பரிசு கொடுப்பதுதான் பிரச்சினை. அது நடத்தைக்குக் கூலி. அரை மணி நேரத்துக்கு முன் அதே இடத்தில் கிருபையினாலே, தகுதியில்லாதவர்களுக்கு, இரட்சகர் கொடுக்கப்பட்டார் என்று பிரசங்கித்தோம். தகுதி பாராமல் தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்னும் நீதிமானாக்கப்படுதல் போதனையைப் பிள்ளை முதலில் கற்பது புத்தகத்தில் அல்ல, இத்தகைய இடங்களில்தான். பரிசு கொடுக்க விரும்பினால், எந்தக் கேள்வியும் கேட்காமல், வந்த பிள்ளை வராத பிள்ளை என்று பாராமல், எல்லாருக்கும் ஒரே அளவில், ஆராதனை முடிந்தபின் கொடுங்கள். பாராமல் சொன்னவர்க்கு மட்டும் பரிசு என்ற வசனப் போட்டியை வேறு ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டிசம்பர் 25 வேதத்தில் இல்லை, ஆகவே கொண்டாடக்கூடாது என்று என் நண்பர் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

தேதி வேதத்தில் இல்லை என்பது உண்மை. ரோமாபுரியில் தயாரான 354ஆம் ஆண்டின் பட்டியலில்தான் டிசம்பர் 25 குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தேதியை நாம் விசுவாசப் பிரமாணத்தில் சொல்வதில்லை. “கன்னிமரியாளிடத்தில் பிறந்தார்” என்பதைச் சொல்கிறோம். சமாதானத்துக்கும் நல்லொழுங்குக்கும் உதவும் பண்டிகைகளைப் பாவமில்லாமல் ஆசரிக்கலாம், அவை இரட்சிப்புக்கு அவசியம் என்று மனச்சாட்சியைப் பாரப்படுத்தக்கூடாது என்பது ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 15ஆம் பிரிவு. நண்பர் கொண்டாடாவிட்டால் அவரோடு சண்டை வேண்டாம். லூக்கா 2ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

கேள்வி: டிசம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் பாட்டு. கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நான்கு வருகைக் கால (அட்வென்ட்) ஞாயிறுகள் எதற்கு என்றே ஜனங்களுக்குத் தெரியவில்லை. அட்வென்ட் வளையம் வைக்க நினைக்கிறோம், உதவுமா?

உதவும், வாசிப்போடு இணைத்தால். இந்த வளையத்தைத் தொடங்கியவர் லுத்தரன் இறையியலாளர் யோகான் ஹின்ரிக் விகெர்ன். 1839இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தில் ஒரு பெரிய சக்கரத்தில் நாளுக்கொரு மெழுகுவர்த்தி வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை வர்த்தி, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு வர்த்தி. எப்போது கிறிஸ்து பிறப்பு வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நாளை எண்ணிக் காட்டவே அப்படிச் செய்தார். இப்போது பரவியிருப்பது, ஞாயிறுக்கு ஒன்று கூடுதலாக ஏற்றும், இலை சுற்றிய நான்கு வர்த்தி வளையம். ஒவ்வொரு வர்த்திக்கும் நம்பிக்கை, சமாதானம், மகிழ்ச்சி, அன்பு என்று பெயர் வைப்பது பிற்காலச் சேர்க்கை. அதை விட்டுவிட்டு, அந்த ஞாயிற்றின் சுவிசேஷத்தையே வர்த்தி ஏற்றும்போது ஒரு வரியில் சொல்லுங்கள். மூன்றாண்டு வாசிப்பு அட்டவணையில் முதல் ஞாயிறு கிறிஸ்துவின் இரண்டாம் வருகை, இரண்டும் மூன்றும் யோவான்ஸ்நானன், நான்காவது மரியாள் அல்லது யோசேப்பு. அட்டவணையின் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்ற மூன்று ஆண்டுகளில் இந்த ஆண்டு எது என்று குழம்பினால்: மூன்றால் மீதியின்றி வகுபடும் ஆண்டு ‘சி’ ஆண்டு, ஆனால் அது முந்தின ஆண்டின் வருகைக் கால முதல் ஞாயிறன்றே தொடங்கிவிடும்.

வர்த்தி வாங்கும்போது கணக்குப் போடுங்கள். ஆராதனை 75 நிமிடம் என்றால் முதல் வர்த்தி நான்கு ஞாயிறும் 24ஆம் தேதி மாலையும் சேர்ந்து ஐந்துமுறை எரியும்: 6 மணி 15 நிமிடம். நான்காவது இரண்டுமுறைதான்: இரண்டரை மணி நேரம். ஆகையால் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும் கனமான வர்த்தி வேண்டும். மெல்லிய வர்த்தி மூன்றாம் ஞாயிறே இலைமட்டத்துக்கு இறங்கிவிடும், தீப்பிடிப்பது அப்போதுதான். காய்ந்த இலையை ஒவ்வொரு வாரமும் மாற்றுங்கள், வளையத்தின்கீழ் உலோகத் தட்டு வையுங்கள், நேர்மேலே உள்ள மின்விசிறியை நிறுத்துங்கள்.

பாட்டைப் பொறுத்தவரை, ஒரேயடியாகத் தடுத்தால் சண்டைதான் மிஞ்சும். முதல் மூன்று ஞாயிறும் வருகைக் காலப் பாடல்கள், நான்காம் ஞாயிறு கடைசிப் பாடல் மட்டும் பிறப்புப் பாடல் என்று ஆரம்பியுங்கள். பிறப்புப் பாடல்களைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை: பாட்டிலிருந்து பண்டிகையின் பெயரை எடுத்துவிட்டால், யார் எதற்காகப் பிறந்தார் என்பது மிச்சம் இருக்கிறதா? மணியும் பனியும் கொண்டாட்டமும்தான் மிச்சமென்றால் அதை ஆராதனைக்கு வெளியே பாடட்டும்.

கேள்வி: ஒவ்வொரு ஆண்டும் அதே லூக்கா 2. பிரசங்கத்தில் புதிதாக என்ன சொல்வது? (ஓர் இளம் போதகர்)

புதிதாகச் சொல்லவேண்டும் என்ற ஆசைதான், ஐயா, பல கிறிஸ்து பிறப்புப் பிரசங்கங்களைச் சறுக்கவைக்கிறது. லுத்தர் 1521–22இல் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது போதகர்களுக்காக எழுதிய பிரசங்கத் தொகுப்பைக் கிறிஸ்து பிறப்புக் காலத்துப் பகுதிகளிலிருந்துதான் தொடங்கினார். லூக்கா 2ஐ அதன்பின்னும் பலமுறை பிரசங்கித்தார். அவர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: பிறந்தார் என்று நம்புவது போதாது, எனக்காகப் பிறந்தார் என்று பற்றிக்கொள்வதே விசுவாசம்.

10 முதல் 12 வரையுள்ள வசனங்களைக் கூர்ந்து பாருங்கள். தூதன் சொல்வதில் கட்டளை ஒன்றே ஒன்றுதான்: பயப்படாதிருங்கள். மற்றதெல்லாம் அறிவிப்பு, அடையாளம். பெத்லகேமுக்குப் போங்கள் என்றுகூட அவன் சொல்லவில்லை. 15ஆம் வசனத்தில் மேய்ப்பர்கள் தாங்களாகவே புறப்படுகிறார்கள். சுவிசேஷம் கேட்டவர்களின் கால் தானே நடக்கிறது. “உன் இருதயமாகிய சத்திரத்தில் இடம் கொடு” என்று முடியும் பிரசங்கம் இதை அப்படியே தலைகீழாக்கிவிடுகிறது: இல்லாத சத்திரக்காரனின் இல்லாத பாவத்தைச் சபைமேல் சுமத்தி, நற்செய்தியை வேலையாக மாற்றுகிறது. நியாயப்பிரமாணம் (தேவனுடைய கட்டளையும் கண்டிப்பும்) வேண்டாம் என்று சொல்லவில்லை. 9ஆம் வசனத்தில் மேய்ப்பர் மிகவும் பயந்தார்களே, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று அங்கே பேசுங்கள். அதற்குப் பதிலாகத் தூதன் சொன்னதை முழுவதும் கொடுங்கள். முடிவில் திரும்பவும் பாரத்தைத் தூக்கிவைக்காதீர்கள்.

பகுதியை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. லூக்கா 2 ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கப்படட்டும்; பிரசங்கத்தை ஓராண்டு அதன்மேலும், அடுத்த ஆண்டு தீத்து 2:11–14 மேலும், மூன்றாம் ஆண்டு ஏசாயா 9:2–7 மேலும் வையுங்கள். 25ஆம் தேதி காலையில் யோவான் 1:1–14. பகுதிக்குள்ளேயே சிலுவைக்கு வழி இருக்கிறது: இங்கே துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தினாள், லூக்கா 23:53இல் யோசேப்பு என்னும் வேறொருவன் அதே சரீரத்தைத் துணியில் சுற்றிக் கல்லறையில் வைக்கிறான். எல்லா ஆண்டும் இதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் முன்னணையோடு நின்றுவிட்ட பிரசங்கம் குழந்தையைப் பற்றிய இனிய நினைவாக முடிந்துபோகும்.

அன்றைக்கு வருகிறவர்களில் ஆண்டுக்கு ஒருமுறை வருபவர்கள் பலர். அவர்கள் வராமல் இருந்ததைக் குத்திக்காட்டும் ஒரு வாக்கியம்கூட வேண்டாம். 14 நிமிடம்தான் கிடைத்திருக்கிறது.

கேள்வி: பாடகர் குழுவாக வீடுவீடாகப் போகிறோம். இரவு ஒன்றாகிவிடுகிறது, பல வீட்டில் பாட்டு மட்டும் பாடிவிட்டு ஓடுகிறோம்.

வீட்டுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலே 20 வீட்டுக்கு 3 மணி 20 நிமிடம்; நடக்கும் நேரம் தனி. ஒரே குழுவாகப் போகாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள், ஒரு குழுவுக்கு ஒரு மாலையில் 12 வீட்டுக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடத்தில் ஒரு பாட்டு, லூக்கா 2:8–14, சிறு ஜெபம், கர்த்தருடைய ஜெபம், ஆசீர்வாதம், இன்னொரு பாட்டு என்று எல்லாம் அடங்கும். வாசிப்பை அந்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். வீட்டு வேதபுத்தகத்திலேயே அடையாளம் வைத்து வாசிக்கட்டும். எழுந்து வர முடியாதவர் இருக்கும் வீடுகளை மாலையில் முதலில் வையுங்கள், மேளத்தை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். திருவிருந்து வேண்டும் என்பாரின் பெயரைக் குறித்துப் போதகரிடம் மறுநாளே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 25ஆம் தேதியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் என்ன செய்யலாம்? இந்த ஆண்டு எங்கள் சபையில் ஒரு வீட்டில் பிள்ளை இறந்திருக்கிறது. அவர்கள் பண்டிகைக்கு வர மனமில்லை என்கிறார்கள்.

பண்டிகை 25இல் தொடங்குகிறது, 12 நாள் ஓடுகிறது. எல்லா நாளும் ஆராதனை வைக்க எந்தச் சபையாலும் ஆகாது, மூன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு, ஜனவரி 1, ஜனவரி 6. ஜனவரி 1 என்பது சபை நாட்காட்டியில் இயேசுவின் நாமத்தின் நாள். அவருக்குப் பெயரிடப்பட்ட லூக்கா 2:21ஐ வாசிக்காமல் புத்தாண்டு வாக்குத்தத்தச் சீட்டோடு முடித்துவிடாதீர்கள். அலங்காரங்களை ஜனவரி 6 வரை வைத்திருங்கள்.

அந்த வீட்டாருக்கு டிசம்பர் 28 இருக்கிறது. ஏரோது கொன்ற பிள்ளைகளைச் சபை நினைக்கும் நாள் அது. மத்தேயு 2:13–18இல் ராகேல் ஆறுதலடையாமல் அழுகிறாள். அந்த அழுகையை மத்தேயு அவசரமாக அடக்கவில்லை. இதை வாசிக்கும் சபையில் அழுகிறவர்களுக்கும் இடம் உண்டு என்று அவர்களே அறிவார்கள். 28ஆம் தேதியோ, அதையொட்டிய ஞாயிறோ, மாலையில் சிறு ஆராதனையாக வையுங்கள்: இரண்டு பாட்டு, இந்த வாசிப்பு, ஐந்து நிமிடப் பிரசங்கம், இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஜெபம், திருவிருந்து. சிறப்புப் பாடல் வேண்டாம், மைக்கும் வேண்டியதில்லை. போதகரும் ஒரு மூப்பரும் முன்கூட்டியே அந்த வீட்டுக்குப் போய், பிள்ளையின் பெயரைச் சொல்லலாமா என்று பெற்றோர் இருவரிடமும் கேட்டு வாருங்கள். வேண்டாம் என்றால் பெயரில்லாமல் ஜெபியுங்கள். வரமுடியவில்லை என்றால், அதே பகுதியை அவர்கள் வீட்டிலேயே வாசித்து, அங்கேயே திருவிருந்து கொடுங்கள்.